ஏசி எத்தனை டன் வாங்கணும்? முதல்ல ரூமுக்குள்ள வர்ற வெயிலை அளங்க

ஏசி வாங்கப் போறோம்னு சொன்னதும் சுத்தி இருக்கற எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "ரூம் எத்தனை சதுர அடி?", நாம ஒரு நம்பர் சொன்னதும் "அப்போ ஒன்றரை டன் போட்டுருங்க"ன்னு பதில் வந்துரும், கொஞ்சம் அக்கறை உள்ளவங்களா இருந்தா "எதுக்கும் ஒரு சைஸ் பெருசாவே போடுங்க, சேஃபா இருக்கும்"னு சேத்து சொல்லுவாங்க. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா சதுர அடிங்கறது கணக்கோட ஆரம்பம் மட்டும்தான், பெருசா போட்டா சேஃப்ங்கறது ஏசி விஷயத்துல நிஜமாவே உண்மை கிடையாது. விரலுக்கேத்த வீக்கம்னு சொல்லுவாங்கல்ல, அது இங்க அப்படியே பொருந்தும்.

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். எங்க பெட்ரூம் 11க்கு 12 அடி, நடு மாடி, மேலயும் கீழயும் வேற வீடு, ஜன்னல் வடக்கு பாத்து இருக்கு. அதுக்கு 2 டன் ஏசி போட்டோம், இன்வெர்ட்டர், அதாவது தேவைக்கேத்த மாதிரி தானா வேகத்தை கூட்டி கொறைக்கற வசதி, இல்லாத பழைய டைப். போட்ட அன்னிக்கு எல்லாருக்கும் சந்தோஷம், ஆன் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ரூம் ஜில்லுன்னு ஆயிருச்சு. ஒரு வாரம் போச்சு. ராத்திரி படுத்தா கை கால் எல்லாம் குளிருது ஆனா பெட்ஷீட் தொட்டா ஒரு ஈரப்பதம், தலகாணி உறை சரியா காயாத துணி மாதிரி இருக்கு. அம்மா "குளிருதுடா, ஆனா உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாங்க என்ன பண்ணோம்னா 24ல இருந்து 22, 22ல இருந்து 20ன்னு கொறச்சுக்கிட்டே போனோம், குளிர் கூடுச்சு, பிசுபிசுப்பு போகவே இல்ல. மழைக்காலம் வந்தப்போ பீரோக்குள்ள இருந்த லெதர் பெல்ட்ல வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. மெக்கானிக் வந்து பாத்தாரு, ஃபில்டர் கழுவுனாரு, கேஸ் சரியாத்தான் இருக்குன்னாரு. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல.

ஒரு நாள் ராத்திரி தூக்கம் வரல, போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு கம்ப்ரசர் சத்தத்தையே கவனிச்சேன். "டக்"குன்னு ஆன் ஆகும், வெளிய இருந்து ஒரு உறுமல் கேக்கும், நாலு நிமிஷத்துல மறுபடி "டக்", ஆஃப். ஏழெட்டு நிமிஷம் வெறும் ஃபேன் மட்டும் ஓடும், அப்புறம் மறுபடி "டக்". ஒரு மணி நேரத்துல அஞ்சு தடவை. அடுத்த நாள் ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் ஒன்னு வாங்கி தலமாட்டுல வச்சேன், டெம்பரேச்சர் 24, ஈரப்பதம் 72 சதவீதம். அப்போதான் புரிஞ்சுது, ரூம் குளிர்ந்திருக்கு, ஆனா காயவே இல்ல.

ஏன் இப்படி ஆகுதுன்னு கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன், ஏன்னா இது புரிஞ்சா மீதி கணக்கு எல்லாம் தானா புரியும். ஏசி ரெண்டு வேலை செய்யுது, ஒன்னு காத்தை குளிர வைக்கறது, இன்னொன்னு காத்துல இருக்கற ஈரத்தை தண்ணியா பிரிச்சு வெளிய தள்ளறது. உள்ள இருக்கற காயில்ங்கற வளைஞ்ச குழாய் நல்லா குளிர்ந்தாத்தான் அதுமேல படற காத்துல இருக்கற ஈரம் பனித்துளி மாதிரி படியும், அந்த துளிகள் சேந்து கனமாகி ட்ரேல விழுந்து பைப் வழியா வெளிய போகணும். இதுக்கு நேரம் வேணும். கம்ப்ரசர் ஆன் ஆன முதல் சில நிமிஷம் காயில் குளிர்றதுக்கும் நனையறதுக்குமே போயிரும், தண்ணி ஒழுங்கா வடிய ஆரம்பிக்கவே பத்து நிமிஷத்துக்கு மேல ஆகலாம். பெரிய ஏசி அதுக்குள்ள ரூமை குளிர வச்சுட்டு நின்னுடுது, கம்ப்ரசரை ஆன் ஆஃப் பண்ற தெர்மோஸ்டாட்டுக்கு டெம்பரேச்சர் மட்டும்தான் தெரியும், ஈரம் தெரியாது. கம்ப்ரசர் நின்னாலும் உள்ள ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கும், காயில் மேல இருந்த ஈரம் திரும்ப ரூம் காத்துக்கே வந்துரும். விடிய விடிய இதேதான் நடந்துக்கிட்டு இருக்கும்.

அதுவும் ரூமுக்குள்ள ஈரம் சும்மா இருக்கறது இல்ல, வந்துக்கிட்டே இருக்கும். சும்மா படுத்து தூங்கற ஒரு ஆள் மூச்சு, வியர்வைன்னு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 40, 50 கிராம் தண்ணிய காத்துல விடறாங்க, ரெண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்குனா முக்கால் லிட்டர் கிட்ட வந்துரும், கதவிடுக்கு வழியா வர்ற வெளிக்காத்து கொண்டு வர்ற ஈரம் தனி.

சொல்லப்போனா நவீன ஏர் கண்டிஷனிங் பிறந்ததே இந்த ஈரத்துக்காகத்தான். 1902ல அமெரிக்காவுல புரூக்ளின்ல ஒரு பிரிண்டிங் பிரஸ்ல ஈரத்தால பேப்பர் விரிஞ்சு சுருங்கி, ஒன்னுமேல ஒன்னு அடிக்கற கலர் எல்லாம் தள்ளித் தள்ளி விழுந்துக்கிட்டு இருந்துச்சு, அதை சரி பண்ணத்தான் வில்லிஸ் கேரியர்ங்கற இளம் இஞ்சினியர் அந்த சிஸ்டத்தை டிசைன் பண்ணாரு. மனுஷங்க ஜில்லுன்னு உக்காரணும்னு பண்ணதில்ல, பேப்பர் ஈரம் பிடிக்கக் கூடாதுன்னு பண்ணது.

சரி, இப்போ டன்னுன்னா என்ன. நிறைய பேர் மெஷினோட எடைன்னு நினைக்கறாங்க, சிலர் கரண்ட் இழுக்கற அளவுன்னு நினைக்கறாங்க, ரெண்டும் இல்ல. அந்த காலத்துல ஐஸ் கட்டி வச்சுத்தான் குளிர வச்சாங்க, 2000 பவுண்ட், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்துல முழுசா உருகுனா எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அந்த வேகம்தான் ஒரு டன். நம்பரா சொன்னா ஒரு மணி நேரத்துக்கு 12,000 பிடியு (BTU, சூட்டை அளக்கற ஒரு அலகு), இன்னொரு கணக்குல சுமார் 3.5 கிலோவாட் சூடு. ஒன்றரை டன்னுன்னா 18,000 பிடியு, 5.3 கிலோவாட் கிட்ட. இது வெளிய தள்ளற சூட்டோட அளவுங்க, கரண்ட் இல்ல. 5 கிலோவாட் சூட்டை வெளிய தள்ள நல்ல ஏசி ஒன்றரை கிலோவாட் கரண்ட் கூட இழுக்காது. லேபிள்ல 5000 வாட்ஸ்னு பாத்துட்டு பில் எகிறிடும்னு பயந்து சின்னது வாங்கறவங்க இருக்காங்க, அந்த பயம் வேண்டாம்.

ஆக நம்ம கேள்வி ரொம்ப சிம்பிள், உச்சி வெயில் நாள்ல என் ரூமுக்குள்ள எத்தனை வாட்ஸ் சூடு வருது, அதை வெளிய தள்ள எத்தனை வாட்ஸ் ஏசி வேணும், அவ்வளவுதான். சதுர அடிங்கறது அந்த சூட்டை குத்துமதிப்பா ஊகிக்க ஒரு வழி.

அந்த குத்துமதிப்பு எவ்வளவு மாறும்னு பாருங்க. ஒரு சதுர அடிக்கு 20 பிடியுன்னு ஒரு கணக்கு நெட்ல எல்லா இடத்துலயும் சுத்துது, அப்படிப் பாத்தா ஒரு டன் 600 சதுர அடிக்கு போதும். இன்னொரு பக்கம் 100ல இருந்து 120 சதுர அடிக்கு ஒரு டன்னுன்னு சொல்றாங்க. ரெண்டுக்கும் அஞ்சாறு மடங்கு வித்தியாசம்! எது பொய்னு கேட்டா ரெண்டுமே பொய் இல்ல. முதல் கணக்கு சுவருக்குள்ளயும் கூரைக்குள்ளயும் இன்சுலேஷன் வச்சு, டபுள் கிளாஸ் ஜன்னல் போட்டு, வெயில் அவ்வளவா கொளுத்தாத ஊர்ல கட்டுன வீட்டுக்கு வந்தது. ரெண்டாவது இன்சுலேஷனே இல்லாத செங்கல் சுவரு, கான்கிரீட் தளம், சுள்ளுன்னு அடிக்கற வெயில், இதை மனசுல வச்சு, அதுவும் மோசமான ரூமை வச்சு சொன்னது. அதனால யாராவது ஒரு சதுர அடி ஃபார்முலா சொன்னா, அது எந்த மாதிரி வீட்டுக்கு வந்ததுன்னு முதல்ல கேளுங்க, உங்க வீடு அது மாதிரி இல்லேன்னா அந்த நம்பரை விட்டுருங்க.

இப்போ டேப்பை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள வாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் அளந்து எழுதுங்க. உயரத்தை விட்டுடாதீங்க, 8 அடி உயர ரூமுக்கும் 12 அடி உயர ரூமுக்கும் உள்ள இருக்கற காத்தும் சுவர் பரப்பும் ஒன்னரை மடங்கு வித்தியாசம். அப்புறம் தலையை தூக்கி மேல பாருங்க, இதுதான் இருக்கறதுலயே பெரிய கேள்வி, உங்க தலைக்கு மேல இருக்கறது இன்னொரு வீடா, இல்ல வெயில் காயற மொட்டை மாடியா?

மொட்டை மாடின்னா கதையே வேற. வெறும் கான்கிரீட் தளம் நல்ல வெயில்ல 60 டிகிரி வரைக்கும் சூடேறும், வெறுங்கால்ல நிக்க முடியாது. அந்த சூடு உடனே உள்ள வராது, அஞ்சாறு இன்ச் கான்கிரீட்டை கடந்து வர நாலஞ்சு மணி நேரம் ஆகும். மதியம் 1 மணிக்கு அடிச்ச வெயில் சாயங்காலம் 6 மணிக்கு உங்க சீலிங்ல இறங்கும். ராத்திரி 9 மணிக்கு கட்டில் மேல நின்னு சீலிங்கை தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்துச்சுன்னா ஏசி ராத்திரி முழுக்க அந்த தளத்தோடதான் மல்லுக்கட்டும். மேல் மாடி வீட்டுக்காரங்க "வெளிய காத்து குளிர்ந்திருச்சு, ரூம் மட்டும் ஏன் இப்படி வேகுது"ன்னு கேக்கறதுக்கு இதுதான் பதில்.

அடுத்து ஜன்னல். எந்த திசைன்னு குறிச்சுக்கோங்க. மேற்கு ஜன்னல்தான் மோசம், ஏன்னா நாள் முழுக்க சூடேறி நிக்கற வீட்டுக்குள்ள சாயங்கால வெயில் நேரா படுக்கை வசத்துல அடிக்கும். சாதாரண ஒத்தை கண்ணாடியில நேரடி வெயில் பட்டா ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட்ஸ் கிட்ட உள்ள வரும், ஒரு சின்ன ரூம் ஹீட்டரை ஜன்னல்ல மாட்டி விட்ட மாதிரி. உள்ள கர்ட்டன் போட்டிருக்கேனேன்னு சொல்லுவீங்க, கர்ட்டன் கொஞ்சம்தான் காப்பாத்தும், ஏன்னா வெயில் கண்ணாடியை தாண்டி உள்ள வந்தப்பறம்தான் கர்ட்டன்ல படுது, கர்ட்டன் சூடாகி அந்த சூடு ரூமுக்குள்ளயேதான் சுத்தும். வெளிப்பக்கம் சன்ஷேட், மூங்கில் தட்டி, ஒரு மரம், எதுவா இருந்தாலும் கண்ணாடிக்கு முன்னாடி வெயிலை மறிச்சாத்தான் முழு பலன். வடக்கு பாத்த ஜன்னலோ, பக்கத்து கட்டடத்து நிழல்ல இருக்கற ஜன்னலோ இதுல கால்வாசி கிட்டத்தான் கொண்டு வரும்.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடலாம். சும்மா உக்காந்திருக்கற ஆளு ஒருத்தருக்கு ஒரு 110, 120 வாட்ஸ் வச்சுக்கோங்க. டிவி, லேப்டாப், ஃபேன், லைட்டு எல்லாம் அது இழுக்கற கரண்ட் அப்படியே ரூமுக்குள்ள சூடாத்தான் வரும், கேமிங் கம்ப்யூட்டர் இருந்தா அதுவே 400, 500 வாட்ஸ் ஆகலாம், ரூம்ல ஃப்ரிட்ஜ் இருந்தா அதையும் எழுதுங்க. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியா வர்ற வெளிக்காத்து ஒரு சாதாரண பெட்ரூமுக்கு 300, 400 வாட்ஸ் வேலை வைக்கும். கிச்சனோட சேந்த ஹாலா இருந்தா அடுப்பு எரியற நேரத்துல கிலோவாட் கணக்குல சூடு வரும், அதுக்குன்னு சுமார் 4000 பிடியு, அதாவது ஒரு டன்ல மூணுல ஒரு பங்கு, கூட சேத்துக்கணும்னு ஒரு பொது கணக்கு இருக்கு.

ஒரு ரூமை எடுத்து போட்டுப் பாப்போம். 12க்கு 13 அடி, 156 சதுர அடி, உயரம் 10 அடி. மேல் மாடி, மொட்டை தளம், 13 அடி சுவரு மேற்கு பாத்து இருக்கு, அதுல 4க்கு 4 ஜன்னல், வெளிய நிழல் எதுவும் இல்ல. உச்ச நேரத்துல தளம் வழியா ஒரு 1000 வாட்ஸ், மேற்கு சுவர் வழியா 300, ஏசி இல்லாத பக்கத்து ரூம்களை ஒட்டி இருக்கற மத்த சுவர்கள் வழியா 450, ஜன்னல் ஒன்றரை சதுர மீட்டர் வருது அது 750, ரெண்டு பேருக்கு 230, டிவி ஃபேன் லைட்டுக்கு 200, இடுக்குல வர்ற காத்துக்கு 350. மொத்தம் 3280 வாட்ஸ். இது குத்துமதிப்புதான், சுவர் தடிமன், பெயிண்ட் கலர் எல்லாம் பொறுத்து முன்ன பின்ன ஆகும், ஆனா சதுர அடி ஃபார்முலாவை விட நூறு மடங்கு நேர்மையான நம்பர்.

இப்போ அதே 12க்கு 13 ரூமை நடு மாடிக்கு கொண்டு போங்க, வெளிச்சுவரும் ஜன்னலும் வடக்கு பாத்து இருக்கட்டும். மேல் வீட்டு தளம் வழியா 200 வாட்ஸ், வெளிச்சுவரு 100, மத்த சுவருங்க அதே 450, ஜன்னல் 200, ஆளுங்க 230, சாமான் 200, காத்து 350. மொத்தம் 1730. ஒரே அளவு ரூம், ஒரே சதுர அடி, சூடு கிட்டத்தட்ட பாதி! கடையில ரெண்டு பேருக்கும் ஒரே ஏசியத்தான் காட்டுவாங்க, "156 சதுர அடியா, ஒன்றரை டன்"னு. கீழ இருக்கறவருக்கு ஒரு டன்னே தாராளம், மேல இருக்கறவருக்கு ஒரு டன் போட்டா மே மாசம் மாதிரி வெயில்ல திணறும்.

ஏன் திணறும்னு சொல்றேன், 3280க்கு ஒரு டன் 3500 போதுமேன்னு தோணும். இங்கதான் ஸ்பெக் ஷீட்டை படிக்கணும். ஏசியோட கெப்பாசிட்டியை வழக்கமா வெளிய 35 டிகிரி, உள்ள 27 டிகிரி இருக்கும்போது டெஸ்ட் பண்ணித்தான் எழுதறாங்க. வெளிய 43, 45ன்னு போனா அவுட்டோர் யூனிட்டால சூட்டை அவ்வளவு ஈசியா வெளிய விட முடியாது, பத்து சதவீதம், அதுக்கு மேலயும் கூட கெப்பாசிட்டி விழும். நமக்கு ரொம்ப தேவைப்படற அன்னிக்குத்தான் அது கம்மியா தரும். அதோட மத்தியானம் முழுக்க மூடிக் கிடந்த ரூம்ல சுவரு, கட்டில், மெத்தை எல்லாம் சூடேறி இருக்கும், முதல் ஒரு மணி நேரம் அந்த சூட்டையும் சேத்து இழுக்கணும். அதனால நம்ம கணக்குல வந்த நம்பர் மேல 15 சதவீதம் சேத்துக்கோங்க, 3280 இப்போ 3770 ஆச்சு, ஒரு டன் பத்தாது, ஒன்றரை டன் இன்வெர்ட்டர்தான் சரி. ரொம்ப வெயில் ஏறற ஊருன்னா 46 டிகிரி டெஸ்ட் நம்பரும் ஷீட்ல போட்டிருக்கற மாடலா பாருங்க, இருந்துச்சுன்னா அந்த நம்பரையே கணக்குக்கு எடுத்துக்கோங்க, அதுதான் உங்க நிஜம்.

இன்னொன்னு, பெட்டி மேல ஒன்றரை டன்னுன்னு பெருசா போட்டிருக்கும், உள்ள கூலிங் கெப்பாசிட்டி ஒரு மாடல்ல 4700 வாட்ஸ், இன்னொன்னுல 5200 வாட்ஸ் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே பேருதான். டன்னை பாத்து வாங்காதீங்க, வாட்ஸை பாத்து வாங்குங்க. விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னா இருக்கும்போது நமக்கு எந்த நம்பர் பொருந்துதுன்னு நாமதான் பாக்கணும்.

இன்வெர்ட்டர்னா சைஸ் பிரச்சனையே இல்லையே, அதுவே கூட்டி கொறச்சுக்குமேன்னு எல்லாரும் கேப்பாங்க. பாதி உண்மை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தை கொறச்சு மெதுவா தொடர்ந்து ஓடும், அதனாலதான் ஈரமும் நல்லா எடுக்கும், கரண்டும் மிச்சம். ஆனா எவ்வளவு வரைக்கும் கொறைக்கும்ங்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு, மாடலுக்கு மாடல் மாறும், ஷீட்ல மினிமம், மேக்ஸிமம்னு போட்டிருப்பாங்க. ராத்திரி 2 மணிக்கு அந்த நடு மாடி ரூமுக்கு 800 வாட்ஸ் கூலிங்தான் தேவைப்படும், நீங்க 2 டன் இன்வெர்ட்டர் வாங்கி அதோட மினிமம் 1800ன்னா அது பழைய ஏசி மாதிரிதான் ஆன் ஆஃப், ஆன் ஆஃப்னு ஓடும். காசு கூட கொடுத்து வாங்குன இன்வெர்ட்டரால ஒரு பிரயோஜனமும் இருக்காது. ஒரே ஒன்றரை டன்ல ரெண்டு மாடல் கையில இருந்தா, மினிமம் நம்பர் எது கம்மியோ அதை எடுங்க, இதை நான் அழுத்தியே சொல்லுவேன், மேக்ஸிமம் வருஷத்துல சில நாள்தான் வேணும், மினிமம் தினம் ராத்திரி வேணும்.

சின்னதா வாங்குனாலும் கஷ்டம்தான். கணக்குல 5000 வாட்ஸ் வர்ற ஹாலுக்கு ஒரு டன் போட்டா மதியம் முழுக்க முழு வேகத்துல ஓடும், 28க்கு கீழ இறங்காது, கம்ப்ரசருக்கு ஓய்வே இருக்காது, பில்லும் நிக்காம ஏறும். ஆனா ஒரு விஷயம், உச்ச வெயில் அன்னிக்கு மதியம் ஏசி கிட்டத்தட்ட நிக்காம ஓடுச்சுன்னா பதறாதீங்க, அது சரியான சைஸோட அடையாளம், செட் பண்ண டெம்பரேச்சரை எட்டிட்டு அப்படியே பிடிச்சுக்கிட்டு ஓடணும், எட்டவே முடியாம ஓடுனாத்தான் சின்னது. கணக்கு ரெண்டு சைஸுக்கு நடுவுல விழுந்துச்சுன்னா மழை, ஈரம் ஜாஸ்தியா இருக்கற கடலோர ஊர்ல கீழ் சைஸ் பக்கம் சாயுங்க, காஞ்ச வெயில் ஊர்ல மேல் மாடின்னா மேல் சைஸ் பக்கம் போகலாம்.

டன்னை கூட்டறதுக்கு முன்னாடி சூட்டை கொறைக்க முடியுமான்னு ஒரு தடவை யோசிங்க. நம்ம மேல் மாடி உதாரணத்துல தளமும் ஜன்னலும் சேந்தே 1750 வாட்ஸ், மொத்தத்துல பாதிக்கும் மேல. மொட்டை மாடியில வெயிலை திருப்பி அடிக்கற வெள்ளை பூச்சு அடிச்சு, ஜன்னலுக்கு வெளிய நிழல் கட்டி, அதுல பாதியை நிறுத்திட்டா மொத்தம் 2400க்கு இறங்கிடும், ஒன்றரை டன் வேண்டிய இடத்துல ஒரு டன் போதும், அதுவும் ஒரு தடவை செலவு, ஏசியோ வாங்குன நாள்ல இருந்து மாசா மாசம் செலவு. கதவுக்கு கீழ ஒரு விரல் போற இடுக்கு இருந்தா ரப்பர் பட்டை ஒட்டுங்க, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை மறந்து ஓட விடாதீங்க, அது குளிர்ந்த காத்தை எல்லாம் வெளிய உறிஞ்சி, அந்த எடத்துக்கு சூடான காத்தை இடுக்கு வழியா உள்ள இழுக்கும்.

பழைய ஏசி பத்தலன்னு பெருசு வாங்கப் போறவங்களுக்கு தனியா ஒன்னு. அது நிஜமாவே சின்னதா, இல்ல உடம்பு சரியில்லையான்னு முதல்ல பாத்துருங்க. ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். இருபது நிமிஷம் முழு கூலிங்ல ஓடவிட்டு, ஏசி காத்தை உள்ள இழுக்கற மேல்பக்கத்துல ஒரு தடவை, வெளிய ஊதற வாய்ல ஒரு தடவை வச்சு பாருங்க, வித்தியாசம் 8ல இருந்து 12 டிகிரி வரைக்கும் இருந்தா மெஷின் ஒழுங்கா இருக்கு. 4, 5 டிகிரிதான் வருதுன்னா கேஸ் கம்மியாவோ, அவுட்டோர் யூனிட்ல தூசி அடைச்சோ, வேற கோளாறோ இருக்கலாம், அதை சரி பண்ணாலே போதும். காத்து வேகமே கம்மியா இருந்தா ஃபில்டரை கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அவுட்டோர் யூனிட்டை ஒரு சின்ன பொந்துக்குள்ள அடைச்சு வச்சிருந்தா, தான் ஊதுன சூட்டையே திரும்ப இழுக்கும், அங்க எத்தனை டன் போட்டாலும் பாதிதான் கிடைக்கும்.

பெரிய ஹால்ல இன்னொரு தப்பு நடக்கும். எல் வடிவ ஹாலு, 25 அடி நீளம், கணக்குல 2 டன் கிட்ட வருது, ஒரே பெரிய ஏசியை ஒரு மூலையில மாட்டிடுவாங்க. அந்த மூலை சோஃபால உக்காந்தவங்களுக்கு நடுக்கம், திரும்புற பக்கம் இருக்கறவங்களுக்கு வியர்வை. அந்த மாதிரி இடத்துக்கு ஒரு டன் ரெண்டா போடுங்க, காத்தும் பரவும், வீட்ல ரெண்டே பேர் இருக்கற நேரத்துல ஒன்னு மட்டும் ஓட்டலாம், ஒன்னு ரிப்பேர் ஆனாலும் இன்னொன்னு இருக்கும். அதே மாதிரி பெட்ரூம் கதவை தொறந்து வச்சு ஹாலையும் சேத்து குளிர வைக்கலாம்னு பெட்ரூம்ல பெருசு மாட்டறதும் வேலைக்கு ஆகாது, கதவு வழியா போற காத்து ரொம்ப கம்மி. மாடிப்படி ஹாலுக்குள்ளயே ஏறிப் போற வீடா இருந்தா, குளிர்ந்த காத்து கீழயே தங்கும், மேல இருந்து சூடு கலந்துக்கிட்டே இருக்கும், படிக்கட்டை ஒரு கதவோ கர்ட்டனோ போட்டு பிரிச்சுட்டு அப்புறம் கணக்கு போடுங்க.

மாட்டும்போது உள்ள யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் நடுவுல போற செம்பு பைப் எத்தனை மீட்டர்னு கேளுங்க. ஷீட்ல இருக்கற கெப்பாசிட்டி சில மீட்டர் பைப்புக்குத்தான், பால்கனி இல்லைன்னு மொட்டை மாடிக்கு 12, 15 மீட்டர் இழுத்தா கெப்பாசிட்டி கொறையும், கேஸும் கூட சேக்க வேண்டி வரும்.

நான் அந்த 2 டன்னை எடுத்துட்டு அதே ரூமுக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் போட்டேன். ரூம் குளிர 5 நிமிஷத்துக்கு பதிலா 20, 25 நிமிஷம் ஆச்சு, முதல் நாள் அம்மாவுக்கே சந்தேகம் வந்துருச்சு. ராத்திரி அந்த "டக்" சத்தம் இல்ல, வெளிய ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் நிக்காம கேட்டுக்கிட்டு இருந்துச்சு. தலமாட்டு மீட்டர்ல 26 டிகிரி, 55 சதவீதம். முன்னாடி 20ல வச்சும் கிடைக்காத சுகம் 26ல கிடைச்சுது, பெட்ஷீட் மொறமொறன்னு காஞ்சு இருந்துச்சு.

உங்க வீட்ல போட்டப்பறம் நீங்களும் இதை செஞ்சு பாருங்க, ஈரப்பத மீட்டர் ஒன்னை ஏசி காத்து நேரா படாத எடத்துல வச்சு ராத்திரி 11 மணிக்கும் விடியக்காலை 4 மணிக்கும் பாருங்க, 60க்கு கீழ நிக்கணும். அப்புறம் தண்ணி வர்ற ட்ரெயின் பைப்புக்கு கீழ ஒரு பக்கெட் வைங்க. காத்துல ஈரம் இருக்கற ராத்திரில அந்த பைப் விட்டு விட்டு சிந்தாம சீரா சொட்டிக்கிட்டு இருந்து, காலைல பக்கெட்ல சில லிட்டர் சேந்திருந்தா, சைஸ் சரியா அமைஞ்சிருக்கு.